மலைக்குப் போகும் ஐக்கியம்: மலையகச் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆராதனை முடிந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "அடுத்த மாதம் எல்லாரும் ஹோர்டன் சமவெளிக்குப் போவோமா?" என்று யாராவது கேட்பார். உடனே கைகள் உயரும். அந்தச் சூட்டோடு சூடாகப் பஸ் பேசி, திகதி குறித்து, பெயர் எழுதத் தொடங்கிவிடுவார்கள். சபை ஐக்கியத்தின் (சபையார் ஒன்றுகூடும் தோழமைக் குழுவின்) மலைப் பயணங்களில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வித்து இங்கேதான் விழுகிறது. இடம் முதலில் முடிவாகிவிடுகிறது. அதற்குள் ஆட்களை அடக்கப் பார்க்கிறோம். முழங்கால் வலியுள்ள அக்காவால் எவ்வளவு தூரம் நடக்க முடியும், கொழுந்து பறிக்கும் தங்கைக்கு எந்த நாள் லீவு, கையில் எப்போது காசு இருக்கும் என்பவற்றை முதலில் கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற மலையைத் தேடுவதே சரியான வரிசை.

திகதியும் காசும்

ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்பது வழக்கமான தவறு. பாடகர் குழு, ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள், சபை மூப்பர்கள் என்று உழைக்கிறவர்கள் எல்லாரும் அன்றைக்கு வர முடியாது. போயா (பௌர்ணமி) தினம் தோட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் ஒன்றாக விடுமுறை. ஆனால் டிசெம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். அந்த மாதங்களில் ஹட்டன் - மஸ்கெலியா - நல்லதண்ணி வீதியில் போயாவன்று வாகனங்கள் நகராது. அந்நாட்களில் நுவரெலியா அல்லது அப்புத்தளைப் பக்கம் திரும்புங்கள். இறைச்சி தவிர்க்கும் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கோழி சுடும் பிக்னிக் வைத்தால் கத்தோலிக்க உறுப்பினர் சங்கடப்பட்டு ஒதுங்கி நிற்பார். அதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டச் சம்பளம் மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டிக் கைக்கு வரும். பயணப் பணத்தை அதற்கடுத்த ஐந்து நாட்களுக்குள் வாங்கிவிட்டு, மூன்றாம் வாரத்தில் பயணம் வையுங்கள். மாதக் கடைசியில் காசு கேட்டால், இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். "அன்றைக்கு வேற வேலை இருக்கு" என்பார்கள். இரண்டு தடவை அப்படிச் சொன்னவர் மூன்றாம் தடவை பெயரே கொடுக்கமாட்டார்.

பஸ் கூலியை ஆசனக் கணக்கில் வகுப்பது அடுத்த தவறு. கூலி 54,000 ரூபா, ஆசனம் 45 என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 1,200 ரூபா என்று அறிவித்து 36 பேர் மட்டும் வந்தால் 10,800 ரூபா துண்டு விழும். அதைப் பொருளாளர் தன் பையிலிருந்து போடுவார், அல்லது பஸ்ஸுக்குள் மறுபடி கை நீட்டுவார். இரண்டுமே ஐக்கியத்தைக் கெடுக்கும். ஐந்தில் நான்கு பங்கு ஆசனமே நிரம்பும் என்று எண்ணி 36ஆல் வகுத்து 1,500 என்று சொல்லுங்கள். மிச்சம் வந்தால் அதைத் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த பயணத்தில் காசு கஷ்டமுள்ளவருக்குப் பாதி கட்டலாம். யாருக்குக் கட்டினோம் என்பது செயலாளருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வங்கிக் கணக்கு இரண்டு கையொப்பத்தில் இருக்கட்டும். பத்து ரூபா வாங்கினாலும் ரசீது எழுதுங்கள்.

எந்த மழை, எந்தச் சரிவு

மலையகம் முழுவதற்கும் ஒரே பருவம் என்று நினைத்துத் திட்டமிடுகிறவர்கள் நனைந்து திரும்புவார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை மேற்குச் சரிவுகளில் கொட்டும். அதே நேரத்தில் பண்டாரவளை, அப்புத்தளை, எல்லப் பக்கம் காய்ந்திருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை இந்த ஊவாப் பக்கத்தை நனைக்கும். ஆகவே ஜூன் - ஓகஸ்ட்டில் ஊவா, ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை மேற்கு என்று வருடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஊவா காயும் மாதங்களில் கச்சான் காற்று பலமாக வீசும், மானாப் புல் காய்ந்து கிடக்கும். அங்கே தேநீருக்கு அடுப்பு மூட்டினால் ஒரு பொறி போதும், மலையே எரியும். தேநீரை வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோங்கள்.

மார்ச் - ஏப்ரலிலும் ஒக்டோபர் - நவம்பரிலும் காலை வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிற்பகலில் இடியோடு மழை வரும். அந்த மாதங்களில் ஒரு மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். இடி கேட்டால் தனிமரத்தடியிலோ பாறை உச்சியிலோ கூட்டமாக நிற்காமல் தாழ்வான இடத்துக்குப் பிரிந்து இறங்குங்கள்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் வெளியிடுகிறது. "மஞ்சள்தானே, போய்ப் பார்ப்போம்" என்ற பேச்சு எடுபடக் கூடாது. போகும் வழியில் உள்ள எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கும் மஞ்சள் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளே) மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஊற்றுநீர் திடீரெனக் கலங்குவதும், நிலத்தில் புதிய வெடிப்பு தெரிவதும், மரங்கள் சாய்வதும் உடனே விலகச் சொல்லும் அடையாளங்கள்.

குளிக்கும் இடத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. மேல் கொத்மலை, காசல்ரீ, லக்ஷபான போன்ற நீர்த்தேக்கங்களுக்குக் கீழே உள்ள ஆறுகளில், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்து வான்கதவு திறக்கலாம். அணைக்குக் கீழே குளிப்பதில்லை என்பது ஐக்கியத்தின் எழுதப்பட்ட விதியாகவே இருக்கட்டும்.

பஸ்

பயணத்தில் மிகவும் ஆபத்தான பகுதி மலையேற்றமல்ல, வீதிதான். 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில், சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். கூலி குறைவு என்பதற்காகப் பழைய பஸ்ஸையும் மலைவீதி தெரியாத சாரதியையும் பிடிக்காதீர்கள். பேசும்போதே கேளுங்கள்: இந்த வீதியில் ஓட்டியிருக்கிறாரா, வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் செல்லுபடியா, விசேட பயண அனுமதி எடுத்தாயிற்றா, முந்தைய இரவு அவர் தூங்குவாரா. இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். முன் ஆசனத்தில் ஒரு பொறுப்பாளர் விழித்திருக்க வேண்டும். ஆறு மணிக்கு இருட்டிவிடும் ஊரில், அதற்குள் மலைவளைவுகளைத் தாண்டும்படி புறப்பாட்டு நேரத்தை வையுங்கள். தோட்டத்து லொறியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றுவது எவ்வளவு குறுகிய தூரமானாலும் வேண்டாம்.

நடை

வேகமாக நடக்கும் இளைஞர்கள் முன்னால் போய்விட, பின்னால் மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டு வருவது எல்லா ஐக்கியத்திலும் நடக்கும். முன்னால் போனவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுப்பார்கள். பின்னால் வந்தவர்கள் எட்டியதும் அவர்கள் எழுந்து மறுபடி நடப்பார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு அது கிடைப்பதே இல்லை. மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நிறுத்துங்கள். கடைசி ஆளாக அனுபவமுள்ள ஒருவர் வரட்டும், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பன்னிரண்டு பேருக்கு ஒரு குழு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒவ்வொரு சந்தியிலும் எண்ணிப் பார்ப்பது.

நேரத்தைக் கணக்கிட இந்த அளவு கலப்புக் குழுவுக்குச் சரியாக வரும்: மணிக்கு 3 கிலோமீற்றர், ஏறும் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் மேலதிகமாக 15 நிமிடம். 9 கிலோமீற்றர் தூரமும் 400 மீற்றர் ஏற்றமும் என்றால் நான்கு மணித்தியாலம், சாப்பாட்டோடு ஐந்து. ஹோர்டன் சமவெளிச் சுற்று ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர். ஒன்பது பத்து மணிக்கெல்லாம் 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பில் மூடுபனி ஏறிவிடும் என்பதால், ஆறு மணிக்கு வாசலில் நிற்காத குழு வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கும். நடக்க முடியாதவர்களும் சேர வேண்டுமென்றால் லிப்டன் சீட் நல்லது: தம்பேத்தன்னைத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தேயிலை வீதி, முதியவர்களை முச்சக்கர வண்டியில் மேலே அனுப்பலாம். தோட்டத்துக்குள் போவதற்கு முன் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) கேட்டுக்கொள்வது மரியாதையும் பாதுகாப்பும். எந்த மலையில் குளவிக்கூடு இருக்கிறது என்பது அங்குள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

குளவியைப் பற்றி மலையகத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், சுற்றுலா மகிழ்ச்சியில் மறந்துபோகிறது. கூட்டின் அருகே புகை, சத்தம், கல்லெறி, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். குளவி கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு தூரமாக ஓடுங்கள். தேனீயின் கொடுக்கு தோலில் நின்றால் நகத்தாலோ அடையாள அட்டை விளிம்பாலோ உடனே சுரண்டி எடுங்கள். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும். நஞ்சு சிறுநீரகத்தைப் பிறகு தாக்கலாம். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு இவ்வளவு பயம் தேவையில்லை: காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகி மேலே சவர்க்காரம் பூசினால் போதும்.

தண்ணீரும் கழிப்பறையும்

இதைக் கூட்டங்களில் யாரும் பேசமாட்டார்கள். வழியில் கழிப்பறை இல்லை என்று தெரிந்த பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். பதினொரு மணிக்குத் தலைவலி, ஏற்றத்தில் மயக்கம். காரணம் பலவீனமல்ல, ஏற்பாட்டுக் குறை. முன்னோட்டமாகப் போய்வருபவர்களில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு நல்ல கழிப்பறை எங்கே என்று அவர் பார்த்து எழுதிவரட்டும், அந்த நிறுத்தங்களைப் புறப்படுமுன் அறிவியுங்கள். தலைக்கு 2 லீற்றர் தண்ணீர். உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் சில ஜீவனிப் பக்கற்றுகளும் இருக்கட்டும், ஒன்றை ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும்.

அதிகாலை நான்கு மணிக்குச் சுடச்சுடக் கட்டிய பால்கறிச் சோற்றுப் பார்சல் மூடிய பஸ்ஸுக்குள் பகலுக்கு முன்னே புளித்துவிடும். ரொட்டியும் கட்டச்சம்பலும், புளிச்சாதம், அவித்த கடலை நிற்கும். ஹோர்டன் சமவெளி வாசலில் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், ஆகவே சோறு கட்டும் பொலித்தீன் லன்ச் சீட்டை விட்டு வாழையிலை அல்லது டப்பா.

ஜெபமும் பாட்டும்

உச்சியில் ஒரு மணிநேரப் பிரசங்கம் வைப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. வியர்த்த உடம்பு குளிர்காற்றில் விறைக்கும், மூடுபனி ஏறும், மனம் நிற்காது. ஒரு பாட்டு, ஒரு வேத பகுதி, ஒரு ஜெபம்: பதினைந்து நிமிடம். நீண்ட தியானத்தை அப்புத்தளை எடிசம் துறவிமடம் போன்ற அமைதியான இடத்துக்கு வையுங்கள். அங்கே வார இறுதி, போயா, பாடசாலை விடுமுறை நாட்களில் பார்வையாளரை அனுமதிப்பது வழக்கம். கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே சபையார் கலந்த குழுவில் திருவிருந்து (அப்பமும் இரசமும் பகிரும் சடங்கு) நடத்த வேண்டாம். சிலர் வாங்க முடியாமல் நிற்கும் இடத்தில் அது ஐக்கியமாகாது.

நான்கு மதத்தாரும் போற்றும் சிவனொளிபாதமலையில் ஒலிபெருக்கி வைத்துப் பாடுவதும் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் கூடாது. ஊழியத்துக்கு வேறு நாள் உண்டு. இது உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் இருப்பதற்கான நாள். விருந்தினரை அழைத்துவரலாம், ஆனால் முன்கூட்டியே பெயரும் அவசரத் தொடர்பும் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையொப்பமிட்ட கடிதமும், எப்போதும் உடன் இரண்டு பெரியவர்களும்.

திரும்பிவந்த வாரத்துக்குள் கணக்கை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதே வாரத்தில் செயலாளர் வராதவர்களின் பட்டியலை எடுத்து, இரண்டு பயணம் தவறவிட்டவர்களுக்குத் தொலைபேசியில் பேசட்டும். கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் வரல்ல?" என்பதல்ல, "எந்த நாள், எந்த இடம் என்றால் உங்களுக்கு வசதி?"