மதாம் பொவாரி: அந்த வாக்கியம் யாருடையது?

குஸ்தாவ் ஃப்ளோபேரின் பிரெஞ்சு நாவலான ‘மதாம் பொவாரி’யைப் பாடமாகப் படிக்கும் 5 பேரின் கட்டுரைகளைப் போன வாரம் திருத்திக் கொடுத்தேன். மாணவனாக இருந்தபோது நான் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். ஊர்ப் பெயரை மாற்றி எழுதுவது போன்றவை தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எம்மாவின் நினைப்பை ஆசிரியர் தலையில் கட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. முதுகலையில் நான் எழுதிய நீண்ட கட்டுரை, நாயகி எம்மாவின் கணவன் சார்ல் பொவாரி சுவையற்ற மனிதன் என்று ஃப்ளோபேரே சொல்லிவிட்டதாகத் தொடங்கியது. சார்லின் பேச்சு தெரு நடைபாதையைப் போலத் தட்டையாக இருந்தது என்ற வரிதான் ஆதாரம். என் ஆசிரியர் அதன் ஓரத்தில் ‘யாருக்கு?’ என்று மட்டும் எழுதியிருந்தார். மொத்தக் கட்டுரையும் அந்த ஒரு வரிமேல் நின்றதால் முதலிலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

அந்த வரி எம்மாவின் சலிப்புக்குள்ளிருந்து வருகிறது. ஃப்ளோபேர் ‘என்று அவள் நினைத்தாள்’ எனச் சேர்ப்பதில்லை. படர்க்கையில், தொடர் இறந்தகாலத்தில், பாத்திரத்தின் எண்ணம் அப்படியே கதைசொல்லியின் குரலில் ஓடுகிறது. முதல் பாகத்தின் முடிவைப் பாருங்கள். இந்தத் துன்பம் என்றைக்கும் தீராதா? மகிழ்ச்சியாக வாழும் மற்ற பெண்களுக்கு அவள் எதில் குறைந்தவள்? வோபியெசார் மாளிகை நடனத்தில் அவளைவிட இடை பருத்த சீமாட்டிகளைப் பார்த்தாளே! இந்தக் கேள்விகளைக் கேட்பவர் ஃப்ளோபேர் இல்லை.

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. நமக்கு ‘என்று’ இல்லாமல் கை ஓடாது. எல்லா இடத்திலும் அதைப் போட்டால் இரண்டு குரல்களும் கலந்து ஒலிக்கும் இடங்கள் செத்துப்போகும். போடாமல் விட்டால் எல்லாமே ஆசிரியர் கூற்றாகிவிடும். நான் பென்சிலால் ஓரத்தில் ‘எ’, ‘சா’, ‘க’ என்று எழுதிக்கொள்கிறேன்: எம்மா, சார்ல், கதைசொல்லி. பிரிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி. கட்டுரைக்கான விஷயம் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குறிகளில்தான் கிடைக்கிறது.

இந்தக் குழப்பம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1856இல் நாவல் பத்திரிகைத் தொடராக வந்தது, 1857 ஜனவரியில் வழக்கு. ‘எனக்கொரு காதலன்!’ என்று எம்மா களிக்கும் பகுதியை எடுத்துக்காட்டி, இது கள்ள உறவைப் போற்றிப் பாடுகிறது என்றார் அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார். இந்தப் பெண்ணைக் கண்டிக்க நூலுக்குள் ஒருவரும் இல்லை என்பதும் அவர் குற்றச்சாட்டு. பிப்ரவரியில் ஃப்ளோபேர் விடுதலையானார்.

அப்புறம், எதிர்த் திசையிலும் தவறலாம். குரல் எம்மாவுடையது என்று தெரிந்ததும் நாவல் முழுக்க அவளைக் கேலி செய்கிறது என்று முடிவுகட்டுகிறார்கள். எம்மாவின் காதலன் ரொதோல்ஃப் அவளுடைய காதல் பேச்சைப் பத்தோடு பதினொன்றாக ஒதுக்கும் இடத்தைப் படியுங்கள். அங்கே கதைசொல்லி தானே குறுக்கிடுகிறார்: மனிதப் பேச்சு விரிசல் விட்ட அண்டா மாதிரி, விண்மீன்களின் மனத்தை உருக்க ஆசைப்பட்டு, கரடிகள் ஆடும் தாளத்தைத்தான் அதில் தட்டுகிறோம். ஒரே சொற்களுக்குள் வேறு வேறு உணர்வு இருப்பதைக் காணத் தெரியாதவன் ரொதோல்ஃப். எம்மாவுக்காகக் கதைசொல்லி பேசும் இடம் இது. நான் இதை இரண்டாம் வாசிப்பில்தான் கண்டேன்.

‘ஏன் விவாகரத்து செய்யவில்லை?’

பிரான்சில் 1816 முதல் 1884 வரை விவாகரத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

‘எம்மா பொவாரி நான்தான்’

ஃப்ளோபேர் சொன்னதாகப் பலரும் மேற்கோள் காட்டும் வரி இது. அவருடைய கடிதங்கள் எதிலும் இல்லை. எழுதாதீர்கள்.

கடனைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

எம்மா காதல் தோல்வியால் செத்தாள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ரொதோல்ஃப் கைவிட்டபோது நோயில் விழுந்தவள் பிழைத்து எழுந்துவிட்டாள். அவளை நெருக்கியது துணி வியாபாரி லெரோ. கடன் பத்திரத்தைப் புதுப்பிக்கிறான், கணவனிடம் ‘பவர்’ எழுதி வாங்கச் சொல்லிக் கொடுக்கிறான். கடைசியில் 24 மணி நேரத்துக்குள் 8,000 பிராங்க் கட்டு என்று உத்தரவு, அடுத்து ஜப்தி. திரையும் கம்பளமும் எந்த அத்தியாயத்தில் வாங்கப்படுகின்றன என்று ஒரு தாளில் தேதிவாரியாகக் குறித்துப் பாருங்கள், அவளுடைய கனவும் கடனும் சேர்ந்தே ஏறுவது தெரியும்.

விவசாயக் கண்காட்சி அத்தியாயம்

தாவாதீர்கள். ரொதோல்ஃபின் காதல் மொழிக்கு நடுவே எருவுக்குப் பரிசு அறிவிக்கிறார்கள். ஒரே பண்ணையில் 54 ஆண்டு உழைத்த கத்ரின் லெரூவுக்குக் கிடைப்பது 25 பிராங்க் பெறும் வெள்ளிப் பதக்கம்.

எம்மாவின் சாவோடு புத்தகத்தை மூடுவது

இன்னும் 3 அத்தியாயங்கள் இருக்கின்றன. சார்ல் இறக்கிறான். மகள் பெர்த் பருத்தி ஆலைக்கு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். மருந்துக் கடைக்காரர் ஒமேக்கு அரசு விருது கிடைத்த செய்திதான் நாவலின் கடைசி வாக்கியம்.