கனமான பயண மோட்டார்சைக்கிளை நிலைப்படுத்தும் முறை

சிங்கப்பூர் எல்லையிலுள்ள துவாஸைக் கடந்து மலேசிய நெடுஞ்சாலையில் வேகமெடுக்கையில் வண்டி நெளிந்தால், புதிய பாகங்களைத் தேடுமுன் டயர் காற்றழுத்தத்தை, ஓடி டயர் சூடேறுவதற்கு முன்பே, கையேட்டில் முழுச்சுமைக்குக் குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பின்பக்க ஸ்பிரிங்கே மிக முக்கியம் என்பேன். பின்சக்கரத்தை உயர்த்தி, அச்சிலிருந்து இருக்கையின் அடியிலுள்ள ஒரு புள்ளிவரை அளந்துகொண்டு, பிறகு பெட்டிகளை நிரப்பி, பின்னிருப்பவருடன் ஏறி அமர்ந்து, மற்றொருவரை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இரு அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசமே இறக்கம்; அது சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பின்புறம் தாழ்ந்து முன்சக்கரம் இலேசாகிவிடும். ஆகவே பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் தொடக்க இறுக்கத்தை, கூட்டுங்கள்.

கனமான பொருள்கள் பக்கப் பெட்டிகளின் அடியில் இருபுறமும் சமமாக இருக்கட்டும்; பின்மேல் பெட்டிக்கு மழைச்சட்டை போதும். முன்சக்கரத்தை உயர்த்தி, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களின்) அடியைப் பிடித்து ஆட்டும்போது ‘டொக்’ என்று தட்டினால், ஸ்டீயரிங் பேரிங்கைப் பட்டறையில் சரிசெய்த பின்பே புறப்படுங்கள்.