வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்குவது எப்படி?

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. முதல் சில நாள் வழிகாட்டி ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டும். கடலூரில் நான் போன பள்ளியில் முதல் நாள் எழுதியது இவ்வளவுதான்: 'டீச்சர் அன்பாக நடத்தினார். கரும்பலகையை நன்றாகப் பயன்படுத்தினார்.' இதை எந்த டீச்சருக்கும் எழுதலாம். அப்புறம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

படி 1. பாடக்குறிப்பை முந்தின நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். குறிப்பிலிருந்து அவர் எங்கே விலகுகிறார் என்பது அப்போதுதான் தெரியும். கடைசி பெஞ்ச் வேண்டாம். பிள்ளைகளின் முகம் தெரிகிற மாதிரி ஓரமாக உட்காருங்கள்.

படி 2. நோட்டின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் மணியும், நடந்ததும், பேசியதும் மட்டும். உங்கள் கருத்து வலப்பக்கம், அதுவும் பீரியட் முடிந்த பிறகு.

படி 3. தப்பான விடை வரும் இடத்துக்குக் காத்திருங்கள். ஆசிரியர் எதை நம்புகிறார் என்பது அங்கேதான் வெளியே வரும்.

ஏழாம் வகுப்பு, அடர்த்திப் பாடம். உப்புத் தண்ணீரில் முட்டை ஏன் மிதக்கிறது என்று டீச்சர் கேட்டார். "உப்பு முட்டையைத் தூக்குது மிஸ்" என்றான் தேவனாம்பட்டினம் என்ற மீனவர் ஊர்ப் பையன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு அவனையே பார்த்தபடி நின்றார். மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். பிறகு கேட்டார்: "உங்க அப்பாவோட படகு ஆத்துலேர்ந்து கடலுக்குள்ள போறப்ப என்ன ஆகும்?"

"கொஞ்சம் மேல எழும்பும் மிஸ்."

"அப்போ நாளைக்கு ஒரு லிட்டர் பாட்டில்ல கடல் தண்ணி கொண்டா."

மறுநாள் தராசில் வைத்தார்கள். அதே அளவு குழாய்த் தண்ணீரை விடச் சுமார் 25 கிராம் கூடுதல். அடர்த்தி என்ற சொல்லைக் கரும்பலகையில் அதற்குப் பிறகுதான் எழுதினார்.

அந்த ஐந்து விநாடி சாதாரணமில்லை. கேள்வி கேட்ட பிறகும், பிள்ளை விடை சொன்ன பிறகும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள், 3 விநாடி காத்திருந்தாலே விடைகள் நீளமாகின்றன என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே காட்டினார். நீங்களும் எண்ணி, இடப்பக்கம் குறியுங்கள்.

படி 4. 'உங்கள் கற்பித்தல் தத்துவம் என்ன?' என்று கேட்காதீர்கள். பாடப்புத்தக விடைதான் வரும். நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். "அவனை ஏன் உடனே திருத்தல மிஸ்?" என்று நான் கேட்டேன். "அவன் சொன்னதுல பாதி சரிம்மா. அந்தப் பாதியை அழிச்சிட்டா, மீதியை எதுல ஒட்டுறது?" என்றார்.

படி 5. குறைந்தது நாலைந்து வகுப்பாவது பாருங்கள். முன்பு பார்த்ததோடு பொருந்தாததையும் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் அதே டீச்சர் விடைகளைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். தயங்கித்தான் அதைக் குறித்தேன். என் உற்றுநோக்கல் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அந்த வரியை இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவால் அதன் கீழே அவரே கோடு போட்டுக் கொடுத்தார்.