பன்னிரண்டு வயதுக்காரிக்கு நாவல் வாங்குவது எப்படி?

அண்ணன் மகள் ஏழாம் வகுப்புக்குப் போனபோது செக்‌ஷனை மாற்றிவிட்டார்கள். ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி, மதியச் சாப்பாட்டுக்கு வேறு கூட்டத்தோடு போய்விட்டாள். வீட்டில் பிள்ளைக்குப் பேச்சே நின்றுபோனது. அத்தை என்ற அதிகாரத்தில், நட்பின் பெருமையைப் போற்றும் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நான்கு பக்கம் படித்தாள். பிறகு அது அவளுடைய மேசை விசிறிக்கு முட்டுக்கொடுக்கப் போனது.

அன்றிலிருந்து நான் பின்னட்டையைப் படிப்பதில்லை. அது காசு கொடுக்கும் நமக்காக எழுதப்படுவது. சென்னை நந்தனம் புத்தகக் காட்சியில் நின்றுகொண்டே சண்டை வரும் இடத்தைத் தேடுகிறேன். தோழிகள் இருவரில் ஒருத்தி முழுக்கக் கெட்டவளாக இருந்தால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுவேன். தாத்தாவோ டீச்சரோ அரைப் பக்கத்துக்கு மேல் அறிவுரை சொன்னாலும் அப்படியே. கடைசிப் பக்கத்தையும் வெட்கமில்லாமல் பார்ப்பேன். பிரிந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதால் எனக்குச் சந்தேகம் வரும். அந்த வயதில் எல்லாப் பிரிவும் ஒட்டுவதில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவோடு முடியும் கதை நல்ல கதை. நாயகிக்குப் படிப்பவளைவிட ஓரிரு வயது கூட இருக்கட்டும். சின்னப் பிள்ளை கதை என்று தெரிந்தால் தொடமாட்டாள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் சிறார் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி தரும் பால சாகித்திய புரஸ்கார் விருதுப் பட்டியல் இருக்கிறது. 2010 முதல் கொடுக்கிறார்கள். ஆனால் விருது பெற்றது என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். 2020-இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சிறுமிக்கு நேரும் பாலியல் தொல்லையைப் பேசுவது. அவசியமான புத்தகம்தான், முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

வாங்குமுன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிறு கூட்டிப்போங்கள். குழந்தைகள் பிரிவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள். பக்கத்தில் நின்றால், “என்ன அத்தை, வேவு பார்க்கிறீர்களா?” என்று கேட்பாள். எனக்கு அந்தக் கேள்வி கிடைத்தது.

படித்து முடித்ததும் “என்ன தெரிந்துகொண்டாய்?” என்று கேட்டுவிடாதீர்கள். “அவள் செய்தது சரியா?” என்று கேளுங்கள். நான் பஸ்ஸில் கேட்டேன். விட்டுப்போனவள் பக்கம்தான் நியாயம் என்று சைதாப்பேட்டை வரும்வரை என்னோடு வாதாடினாள்.