ஞாயிற்றுக்கிழமையும் ஓடலாம்

நம்ம ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் பூசை, அப்புறம் மீன் சந்தை, மதியம் யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணம், இதற்கு நடுவில் எங்கே ஓடுவது என்று கேட்பவர்களுக்கு: சாயங்காலத்தை நம்பாதீர்கள். விருந்தில் இரண்டாம் பாயசம் உள்ளே போனபிறகு யாரும் ஓடியதில்லை, நானும்தான்.

ஐந்தரைக்குள் வாசலைத் தாண்டிவிடுங்கள். ஷூ, சாக்ஸ், பனியன் எல்லாம் ராத்திரியே கதவுப் பக்கம் இருக்கட்டும், இருட்டில் தேடினால் வீடே எழுந்து ஆளுக்கொரு வேலை சொல்லும். முதல் ஐந்து நிமிடம் நடை, பிறகு பேசினாலும் மூச்சு வாங்காத வேகத்தில் இருபது நிமிட ஓட்டம், கடைசியில் மறுபடி நடை. அரை மணி நேரம், அவ்வளவுதான்.

சானல், அதாவது வாய்க்கால், கரை நல்ல இடம், மெயின் ரோடு வேண்டாம். ஆனால் நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. பாசி பிடித்த கரையில் ஒருமுறை சறுக்கி, முழங்கை சிராய்ப்போடு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தேன். மழை நாளில் தெருவுக்குள்ளேயே நாலு சுற்று போதும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்றுவிடுங்கள்.

திரும்பும் வழியில் மீன் வாங்கலாம் என்றால் பையும் காசும் மறக்க வேண்டாம். சாளை கிலோக்கணக்கில் வாங்கினால் மட்டும் ஓட்டம் அதோடு சரி.