சரிவு மனையில் சமூகக் குடியிருப்பு: பிளானுக்கு முன்னால் செக்‌ஷன்

நகருக்குள் குறைந்த வாடகைச் சமூகக் குடியிருப்புக்கு ஒதுக்கப்படும் மனை பெரும்பாலும் வேறு யாருக்கும் வேண்டாத மனையாகத்தான் இருக்கும், சரிவு மனைகள் அப்படித்தான் வந்து சேர்கின்றன. கைக்கு வந்ததும் புல்டோசரை விட்டு மட்டமாக்கி, வழக்கமான பிளாக்கைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். வெட்டிய மண்ணை அகற்றும் செலவு போதாதென்று, மிச்ச மண்ணைத் தாங்க உயரமான சுவர் ஒன்றும் தலையில் விழும். சுவரின் உயரம் இரட்டிப்பானால் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. அதனால் இடம் இருந்தால், 3 மீட்டர் சுவருக்குப் பதில் நல்ல இடைவெளி விட்டு 1.5 மீட்டரில் இரண்டாகக் கட்டுங்கள். பின்னால் ஜல்லியும் சுவரில் நீர் வடியும் துளைகளும் கட்டாயம், பல சுவர்களைச் சாய்ப்பது பின்னால் தேங்கும் தண்ணீர்தான்.

சரி, எங்கே தொடங்குவது? செக்‌ஷனில். அதாவது, மண்ணையும் கட்டடத்தையும் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படத்தில். மேல் ரோடு, கீழ் ரோடு, நடுவில் சரிவு, மூன்றையும் ஒரே தாளில் அளவோடு வரைந்துவிட்டு, வாசல்கள் எங்கெங்கே வரும் என்று பாருங்கள். சரிவு 1:4 (4 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்), பிளாக்கின் முன்-பின் நீளம் 12 மீட்டர் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் சரியாக 3 மீட்டர், அதாவது ஒரு மாடி. கீழ்வீட்டுக்குக் கீழ் ரோட்டிலிருந்தும் அதற்கு மேல்வீட்டுக்கு மேல் ரோட்டிலிருந்தும் படியேறாமலே நுழையலாம். இன்னும் செங்குத்தான மனையில், ஐந்து தளக் கட்டடத்தின் நடுத்தளத்துக்கு மேல் ரோட்டிலிருந்து சின்னப் பாலம் போட்டால் யாரும் இரண்டு மாடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ வேண்டியதில்லை. லிஃப்ட் இல்லாமலே சமாளிக்கலாம். லிஃப்ட் வைக்கத் திட்டத்தில் பணம் கிடைத்துவிடும், அதை வருடக்கணக்கில் ஓட்டும் செலவுதான் வாடகைக்காரர் தலையில் வந்து நிற்கும். (உள்ளூர் விதி லிஃப்டைக் கட்டாயமாக்கினால் வேறு வழியில்லை.) சக்கர நாற்காலிக்கான வீடுகளை இந்த நுழைவுத் தளங்களிலேயே வையுங்கள்.

1:5 சரிவில் 10 மீட்டர் பிளாக்குக்கு 2 மீட்டர் வித்தியாசம்தான் கிடைக்கும், ஒரு மாடிக்குப் போதாது. அங்கேதான் வீட்டுக்குள் அரைத்தளம் (வீட்டின் ஒரு பாதி சில படிகள் மேலே) போடும் ஆசை வரும், படத்தில் அழகாகவும் இருக்கும், ஆனால் முட்டிவலிக்காரருக்குச் சமையலறைக்குப் போகவே நாலைந்து படி என்றாகிவிடும். முன்னால் 5 மீட்டர் முற்றத்தையும் அதே மட்டத்தில் சேர்த்துக்கொண்டால் கணக்கு மறுபடி 3 மீட்டருக்கு வந்துவிடும்.

“ஓரமாக ஒரு சாய்தளம் போட்டுக்கலாம்” என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 1:12 சாய்வில் 3 மீட்டர் ஏற 36 மீட்டர் வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்கும் தளங்களையும் சேர்த்தால் 40ஐத் தாண்டும்.

மண்ணை ஒட்டிய பின்பக்கம் குளியலறை, சாமான் அறை என்று தள்ளிவிடுங்கள், படுக்கையறை வேண்டவே வேண்டாம். சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே சந்து விட்டால், ஒரு ஆள் துடைப்பத்தோடு நடந்து போகும் அகலமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் அது குப்பைக்குழிதான்.

கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டின் தோட்டம் என்ற யோசனைக்கு லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் கேம்டன் கவுன்சில் (அந்தப் பகுதியின் உள்ளாட்சி) 1978இல் முடித்த பிராஞ்ச் ஹில் குடியிருப்பு நல்ல உதாரணம். அங்கே கட்டடக் கலைஞர்கள் பென்சனும் ஃபோர்சைத்தும் செங்குத்தான சரிவில் வீடுகளைப் படிப்படியாக அடுக்கினார்கள், செலவு எகிறிவிட்டது என்று அப்போதே பேச்சும் வாங்கினார்கள். எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் மேலே ஊற்றும் தண்ணீர் கீழே ஒருவரின் படுக்கைமேல் சொட்டினால் யார் சரிசெய்வது என்பதைக் கட்டும் முன்பே எழுதி வைக்காமல் இதில் இறங்காதீர்கள். மேலிருந்து பார்த்தால் கீழ்மாடி தெரியாதபடி கைப்பிடிச் சுவரை அகலமான செடித்தொட்டியாகக் கட்டுங்கள்.

கடைசியாகச் சாக்கடை. மெயின் லைன் மேல் ரோட்டில் மட்டும் இருந்தால் கீழ்வீடுகளின் கழிவை பம்ப் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், கரண்ட் போனால் அவ்வளவுதான். பக்கத்து மனை வழியாகக் கீழே இருக்கும் வேறொரு சாக்கடை லைனுக்குக் குழாய் கொண்டுபோக உரிமை கிடைக்குமா என்பதை முதல் கோடு வரையும் முன்பே கேட்டுவிடுங்கள்.