முதலில் கம்பெனியைக் கண்டுபிடியுங்கள்: அமெரிக்க ராணுவப் பிரிவுகளின் வரலாற்றைத் தேடுவது எப்படி

இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ஒருவரைப் பற்றித் தேட ஆரம்பிப்பவர்கள் எடுத்த எடுப்பில் டிவிஷன் பெயரைத்தான் இணையத்தில் போடுகிறார்கள். 1944இல் ஓர் அமெரிக்கக் காலாட்படை டிவிஷனில் சுமார் 14,000 பேர். அதற்குள் மூன்று ரெஜிமென்ட், ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன், அதற்கும் கீழே கம்பெனி. கம்பெனி என்றால் ஏறக்குறைய 190 பேர். டிவிஷன் வரலாற்றைப் படித்தால் தளபதிகளைப் பற்றித் தெரியும். உங்கள் ஆள் எந்த நாளில் எந்தப் பள்ளத்தில் கிடந்தார் என்று தெரிய வேண்டுமானால் கம்பெனி வரை இறங்கியே ஆக வேண்டும்.

நான் வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் வீட்டோடு மேரிலாந்தில் இருக்கிறேன். மருமகள் பென்சில்வேனியாக்காரி. அவளுடைய தாத்தா 28ஆவது டிவிஷனில் இருந்தவர் என்பது மட்டும் அவர்கள் வீட்டில் தெரியும். அவரைத் தேடிப் பழகிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கம் டிஸ்சார்ஜ் காகிதம், அதாவது படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த சான்று. சிப்பாய்களுக்குக் கொடுத்த படிவத்தின் எண் 53-55. வீட்டில் இல்லையென்றால், அவர் போர் முடிந்து திரும்பிய ஊரின் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் கேளுங்கள். பலர் அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள். அங்கும் இல்லையென்றால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுத வேண்டும். ஆனால் 1973 ஜூலை 12 அன்று அங்கே பெரிய தீ விபத்து. 1912 நவம்பர் முதல் 1959 கடைசி வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டது. ‘எரிந்துவிட்டது’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எரிந்தது தனிநபர் கோப்புதான், படைப்பிரிவுகளின் பதிவுகள் தனியாகப் பத்திரமாக இருக்கின்றன.

காகிதம் கைக்கு வந்ததும் ஆறாவது கட்டத்தில் ஒரு பிரிவின் பெயர் இருக்கும். அதை அப்படியே நம்பாதீர்கள். 1945 மே மாதத்துக்குப் பிறகு, சேவைக் காலம், சண்டை போன்றவற்றுக்குப் புள்ளிகள் போட்டுத்தான் ஆட்களை ஊருக்கு அனுப்பினார்கள். 85 புள்ளி சேர்ந்தவருக்கு முதல் வாய்ப்பு. கப்பல் ஏற்றுவதற்காக ஆட்களை இங்கிருந்து எடுத்து அங்கே போட்டார்கள். அதனால் அந்தக் கட்டத்தில் இருப்பது பல சமயம் அவரோடு கப்பலில் வந்த பிரிவுதான், அவர் சண்டை போட்ட பிரிவு அல்ல. இந்தத் தாத்தாவின் காகிதத்தில் ஒரு பீரங்கிப் பட்டாலியன் பெயர் இருந்தது. ஆனால் அதே காகிதத்தில் தொழில் எண் 745, அதாவது துப்பாக்கிச் சிப்பாய். கூடவே காலாட்படை வீரர்களுக்கு மட்டுமே தரும் போர்ச் சின்னம். பீரங்கிக்காரருக்கு அது கிடைக்காது. சரி, ஆள் காலாட்படைதான் என்று முடிவு கட்டலாம்.

சேவை எண்ணும் பேசும். 3 என்று தொடங்கினால் கட்டாயப் படைச் சேர்ப்பில் வந்தவர், 1 என்றால் தானாக வந்து சேர்ந்தவர், 2 என்றால் நேஷனல் கார்டு (National Guard) என்னும் மாநிலப் படையிலிருந்து வந்தவர். இரண்டாவது இலக்கம் எந்த வட்டாரத்தில் சேர்ந்தார் என்பதைச் சொல்லும். 33 என்றால் பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜினியா பக்கம். அப்புறம் அதே காகிதத்தில் உள்ள போர்க்களங்களின் பட்டியலைப் பாருங்கள். நார்மண்டி 1944 ஜூலை 24 வரை, வட பிரான்ஸ் செப்டம்பர் 14 வரை. இவருடைய காகிதம் ரைன்லாந்திலிருந்துதான் தொடங்கியது. ஆக, செப்டம்பர் 15க்குப் பிறகு மாற்று ஆளாகப் போனவர்.

பழைய கடிதங்கள் இருந்தால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பதைத் தணிக்கை அதிகாரி கத்தரித்திருப்பார், ஆனால் உறையின் மூலையில் அனுப்புநர் விலாசம் முழுதாக இருக்கும். ‘கம்பெனி கே, 112 இன்ஃபன்ட்ரி, ஏ.பி.ஓ. 28’ என்று ஒரு உறையில் இருந்தது. அதாவது 28ஆவது டிவிஷனின் 112ஆவது காலாட்படை ரெஜிமென்ட்; ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். அந்த ஒரு வரியில் முக்கால்வாசி வேலை முடிந்தது. எழுத்தை வைத்தே பட்டாலியனைச் சொல்லிவிடலாம்: ஏ முதல் டி வரை முதல் பட்டாலியன், இ முதல் ஹெச் வரை இரண்டாவது, ஐ, கே, எல், எம் மூன்றாவது. ஜே கம்பெனி கிடையாது.

இனி மார்னிங் ரிப்போர்ட். ஒவ்வொரு கம்பெனியும் தினமும் எழுதிய ஒரு பக்கம். எங்கள் வங்கியின் வருகைப் பதிவேடு மாதிரி எல்லார் பெயரும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அன்று நிலை மாறியவர் பெயர் மட்டும்தான் வரும்: புதிதாகச் சேர்ந்தவர், காயம்பட்டவர், ஆஸ்பத்திரிக்குப் போனவர், பதவி உயர்ந்தவர், காணாமல் போனவர். இவை தீயில் தப்பி மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலிலும் படிப்படியாக ஏறி வருகின்றன. எல்லாம் சுருக்கெழுத்துதான். எஸ்.டபிள்யூ.ஏ. என்றால் சண்டையில் கடுமையான காயம், எல்.டபிள்யூ.ஏ. லேசான காயம், எம்.ஐ.ஏ. காணவில்லை.

கடும் சண்டை நடந்த வாரங்களில் அன்றன்றைய பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். எழுதுகிற ஆளே ஓடிக்கொண்டிருப்பான், பதிவு சில நாள் கழித்துத்தான் விழும். 112ஆவது ரெஜிமென்டின் மூன்றாம் பட்டாலியன் 1944 நவம்பர் 3 அன்று ஜெர்மனியின் ஹுர்ட்கன் காட்டைத் தாண்டி ஷ்மிட் கிராமத்தைப் பிடித்தது. மறுநாளே ஜெர்மானியர் டாங்கிகளோடு வந்து விரட்டினார்கள். அந்தச் சண்டையில் ரெஜிமென்டின் மொத்த இழப்பு 2,093 பேர். அதில் 544 பேர் சண்டைக் காயம் இல்லாமல் நோயாலும் குளிராலும் விழுந்தவர்கள். தாத்தாவை முதலில் ‘காணவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். பின்னால் ஒரு பக்கத்தில் திருத்தம்: ஆஸ்பத்திரி. அந்த மாதம் முழுவதையும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

தேதியும் கம்பெனியும் உறுதியான பிறகு மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். கேட்க வேண்டியது ஆவணத் தொகுதி 407. 28ஆவது டிவிஷனின் கோப்பு எண்கள் 328 என்று தொடங்கும். மாதாந்தரச் சண்டை அறிக்கை, நேரம் குறித்த செய்தி நாட்குறிப்பு, வரைபடங்கள் எல்லாம் உள்ளே. அறிக்கையைவிட நாட்குறிப்பைத்தான் நான் நம்புவேன். அறிக்கை மாதம் முடிந்து யோசித்து எழுதியது, நாட்குறிப்பு குண்டு விழும்போதே எழுதியது. ராணுவ வரலாற்று அதிகாரிகள் சண்டை முடிந்த கையோடு எடுத்த நேர்காணல்களும் உண்டு. ஷ்மிட் சண்டைக்கு அவை நிறையவே இருக்கின்றன, அவசியம் கேளுங்கள். பேனா கூடாது, பென்சில்தான். பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் பெயர்ச்சீட்டை முதலில் ஒரு படம் எடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எது எந்தப் பெட்டி என்றே தெரியாது.

ஆவணங்களில் ஊர்ப் பெயருக்குப் பதில் ஆறு இலக்க எண் வரும். அது அந்தக் காலத்து ராணுவ வரைபடத்தின் கட்டம். மாற்றித் தரும் இணையக் கருவிகள் இருக்கின்றன.

போக முடியாதவர்களுக்கு, ராணுவ வரலாற்று மையத்தின் அதிகாரபூர்வ வரலாற்றுத் தொகுதிகள் இணையத்தில் இலவசம். மெய்ன் மாநிலத்தின் பேங்கர் பொது நூலகம் ரெஜிமென்ட் வரலாறுகள் பலவற்றை ஏற்றி வைத்திருக்கிறது. போர் முடிந்த சூட்டில் நினைவுக்காக அச்சிட்டவை அவை. படங்களுக்காகப் பாருங்கள், தோல்விகளை நாசூக்காகத் தாண்டிவிடுவார்கள்.

இவ்வளவு தேடியும் ஆள் கிடைக்கவில்லையா? இணைக்கப்பட்ட பிரிவுகளைப் பாருங்கள். டாங்கி, பொறியாளர் பட்டாலியன்கள் பல எந்த டிவிஷனுக்கும் சொந்தமில்லாமல் இன்று இங்கே, நாளை அங்கே என்று கைமாறின. அதே ஷ்மிட் சண்டையின்போது நவம்பர் 7 அன்று பக்கத்திலிருந்த வொஸ்ஸெனாக் கிராமத்தை மீட்டது 146ஆவது பொறியாளர் பட்டாலியன். பாலம் கட்டுகிற ஆட்கள், காலாட்படை மாதிரி வீடு வீடாகச் சண்டை போட்டார்கள். அவர்களில் ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் 28ஆவது டிவிஷனின் பெட்டியோடு நின்றுவிடாமல், பொறியாளர் பட்டாலியனுக்கென்று தனியாக உள்ள பெட்டியையும் கேட்டு வாங்குங்கள்.